ஓடையோரச் சதுப்பை மீட்பது: நீலகிரியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கேத்தி, பாலாடா, நஞ்சநாடு, எமரால்டு பக்கம் நிலம் பார்க்கக் கூப்பிடுகிறவர்கள் ஏறக்குறைய ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். பள்ளத்தில் ஓடையை ஒட்டிக் கிடக்கும் நிலம். ஒரு காலத்தில் சதுப்பாக இருந்தது. பிறகு வாய்க்கால் வெட்டி நீரை வடித்துக் காய்கறி போட்டார்கள். இல்லாவிட்டால் மேட்டில் வீடு கட்டத் தோண்டிய மண்ணை லாரியில் கொண்டுவந்து கொட்டினார்கள். இப்போது மழைக்காலத்தில் வெள்ளம் அடித்துப் போகிறது, மார்ச்சில் ஓடை வற்றிவிடுகிறது. இதைப் பழைய நிலைக்குக் கொண்டுவர வழி உண்டா என்று கேட்டவர்களின் கேள்விகளை அவரவர் பேச்சிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன்.

சதுப்புன்னா வெறும் சேறுதானேங்க? அதை எதுக்கு மீட்கணும்?

நீலகிரியில் தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் பெய்கின்றன. ஜூன் முதல் டிசம்பர் வரை ஏதோ ஒரு மழை உண்டு. அதன்பின் ஏப்ரலில் கோடை மழை வரும்வரை ஓடையில் ஓடுவது வானத்து நீர் இல்லை. மண்ணுக்குள் தங்கிய நீர்தான் கசிந்து வருகிறது. புல்வெளியும் சோலை என்னும் மலைக்காடும் மேட்டில் அந்த நீரை உள்ளே இறக்குகின்றன. பள்ளத்துச் சதுப்பு அதைப் பிடித்துவைத்து மெதுவாக விடுகிறது. சதுப்பு போனால் மழைநீர் ஒரே மூச்சில் இறங்கிவிடும். கூடவே மண்ணையும் இழுத்துப்போகும். குந்தா அணையில் சேர்ந்து கிடக்கும் வண்டல் நம் தோட்டங்களில் இருந்து போனதுதான்.

கோத்தகிரியில் உள்ள லாங்வுட் சோலை சுமார் 116 ஹெக்டேர்தான். அதற்கு 2024 ஜனவரியில், உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களுக்குத் தரும் ராம்சார் அங்கீகாரம் கிடைத்தது. கீழே உள்ள ஊர்களுக்குக் குடிநீர் தருவது அந்தச் சோலையும் அதன் ஈரமும்தான். தோடர் கோயில்களின் கூரைக்கு வேயும் புல்கூடச் சதுப்பில்தான் வளர்கிறது. சதுப்புகள் சுருங்கச் சுருங்க அந்தப் புல்லைத் தேடி அவர்கள் வெகுதூரம் போகவேண்டியிருக்கிறது. சேறு என்று ஒதுக்குவதற்கு முன் இத்தனை பேர் அதை நம்பியிருப்பதை யோசியுங்கள்.

எங்க நிலம் முன்னாடி சதுப்பா இருந்துச்சான்னு எப்படிங்க கண்டுபிடிக்கிறது? இப்ப பார்த்தா செம்மண்ணாத்தான் இருக்கு.

குழி தோண்டிப் பாருங்கள். வேறு எந்தச் சோதனையும் இவ்வளவு தெளிவாகப் பதில் சொல்லாது. பிப்ரவரியில், மழை இல்லாத நாளில், ஓடையில் இருந்து பத்துப் பதினைந்து அடி தள்ளி, மம்முட்டியால் இடுப்பளவு ஆழத்துக்கு ஒரு குழி எடுங்கள். ஒரு பக்கச் சுவரை நேராகச் செதுக்கிவிட்டு அதைக் கவனியுங்கள்.

மேலே செம்மண் இருக்கும். கொட்டிய மண் என்றால் அதில் ஓட்டுத் துண்டு, சிமெண்ட் கட்டி, பிளாஸ்டிக் கவர் ஏதாவது சிக்கும். அதற்குக் கீழே கத்தியால் வெட்டியதுபோல ஒரு கோடு தெரியும். அந்தக் கோட்டுக்குக் கீழே மண் கறுத்துவிடும். கையில் எடுத்துப் பிசைந்தால் வழவழப்பாக விரலுக்கிடையில் பிதுங்கும். மக்காத வேர்நாரும் புல்தண்டும் அதில் அப்படியே கிடக்கும். இன்னும் கீழே போனால் சாம்பல் நிறக் களிமண் வரும். பழைய வேர் போன தடங்களைச் சுற்றி அதில் துருப்பிடித்ததுபோலச் செம்பழுப்புக் கோடுகள் ஓடும். சில குழிகளில் அழுகிய முட்டை வாடை அடிக்கும். இத்தனையும் இருந்தால் அது சந்தேகமில்லாமல் சதுப்பு. சாம்பல் நிறம் காற்றுப் புகாமல் நீரில் ஊறிக் கிடந்த மண்ணின் நிறம்.

குழியை மூடாமல் மறுநாள் காலை வந்து பாருங்கள். எத்தனை அடி ஆழத்தில் தண்ணீர் நிற்கிறதோ அதுதான் இப்போதைய நீர்மட்டம். குறித்துவைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். ஆடுமாடு விழாமல் குழிமேல் முள் போட்டுவையுங்கள்.

வனத்துறை நாற்றங்கால்ல நாத்து கிடைக்குது. முதல்ல செடி நட்டுடலாமா?

வேண்டாம். தண்ணீர், மண், செடி என்ற வரிசையில்தான் போகவேண்டும். வாய்க்கால் வழியாக நீர் ஓடிக்கொண்டே இருக்கும் நிலத்தில் எதை நட்டாலும் அது காய்ந்த நிலத்துச் செடியாகத்தான் பிழைக்கும், அல்லது செத்துப்போகும். நீர்மட்டத்தை உயர்த்திவிட்டால் பாதி இடங்களில் நடவே தேவைப்படாது. மண்ணுக்குள் கோரை விதை வருடக்கணக்கில் உறங்கும். ஈரமும் வெளிச்சமும் பட்டால் தானாக முளைக்கும்.

நாற்று நட்டுப் படம் எடுத்துக்கொண்டு போகும் நிகழ்ச்சிகள் நம் மலையில் நிறைய நடக்கின்றன. நட்ட இடத்துக்குப் பக்கத்திலேயே வடிகால் ஓடிக்கொண்டிருக்கும். அந்த உழைப்பை அப்படியே வாய்க்கால் பக்கம் திருப்பினால் எவ்வளவோ நடக்கும் என்பதுதான் என் ஆதங்கம்.

அப்ப வடிகால் வாய்க்காலை எப்படிங்க அடைக்கிறது? சிமெண்ட் தடுப்பணை கட்டணுமா?

சிமெண்ட் வேண்டாம். சதுப்பு மண் அசையும், அமுங்கும். சிமெண்ட் சுவர் அதோடு சேர்ந்து அமுங்காமல் வெடித்துவிடும், அல்லது நீர் அடியில் குடைந்துகொண்டு போய்விடும். அதே வாய்க்காலை வெட்டும்போது கரையில் எடுத்துப் போட்ட மண் இன்னும் அங்கேயே மேடாகக் கிடக்கும். அதுதான் சரியான பொருள்.

அடைக்கும் இடத்தில் செடி, தளர்ந்த சேறு எல்லாவற்றையும் வழித்துக் கெட்டியான மண் தெரியும்வரை போங்கள். இரண்டு பக்கக் கரையிலும் ஒன்றரை அடி உள்ளே வெட்டி, அடைப்பு கரைக்குள் நன்றாகச் சொருகி நிற்கும்படி செய்யுங்கள். அரையடி அரையடியாகப் போட்டு மிதித்து இறுக்குங்கள். வாய்க்கால் அகலமாக இருந்தால் கீழ்ப்பக்கம் கற்பூர மரக் (யூகலிப்டஸ்) கம்புகளை நெருக்கி அடித்து முட்டுக் கொடுக்கலாம். சீகை (வாட்டில்) மரக் கம்பு எடுத்தால் காய் இல்லாமல் பார்த்து எடுங்கள். அதன் விதை மண்ணில் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். அடைப்பின் தலை சுற்றியுள்ள தரையைவிட ஓர் அடி உயரமாக இருக்கட்டும். அது அமுங்கும் என்பதற்காக மட்டுமில்லை. தண்ணீர் அடைப்பின்மேல் வழியாமல் பக்கவாட்டில் புல்லின்மேல் பரவிப் போகவேண்டும் என்பதற்காகவும்தான். கடைசியில் மேலே புல் கரணை, அதாவது வேரும் மண்ணுமாகப் பெயர்த்த புல் துண்டு, பதித்துவிடுங்கள்.

ஓர் அடைப்பு போதாது. மேல் அடைப்பின் அடிப்பகுதியைக் கீழ் அடைப்பில் தேங்கும் நீர் தொடவேண்டும். இந்தக் கணக்குத்தான் இடைவெளியைத் தீர்மானிக்கும். தரை சமமாக இருந்தால் தூரம் தூரமாகவும், இறக்கமாக இருந்தால் நெருக்கமாகவும் வரும். நீர் ஓடிக்கொண்டிருக்கும் வாய்க்காலில் மேலே இருந்து தொடங்கிக் கீழே வருவது நல்லது. இந்த வேலையை ஜனவரி நடுவில் இருந்து மார்ச்சுக்குள் முடித்துவிட வேண்டும். ஜூனுக்குப் பிறகு தொட்டால் போட்ட மண் முழுக்க ஓடையில் போய்விடும்.

வாய்க்காலைத்தான் அடைக்கணுமா, ஓடையையே அடைச்சுட்டா இன்னும் நல்லதுதானே?

ஓடையை அடைக்கக் கூடாது. மனிதர் வெட்டிய வடிகாலை மட்டும்தான் அடைக்கலாம். உயிரோட்டமுள்ள ஓடையில் கல் தடுப்பு போடவேண்டிய நிலை வந்தால் அதன் நடுப்பகுதி தாழ்ந்து இரண்டு ஓரமும் உயர்ந்திருக்க வேண்டும். வாய்க்கால் அடைப்பைப் பற்றி முன்பு சொன்னதற்கு இது நேர்மாறு. நடு உயர்ந்தால் வெள்ளம் கரையை அறுத்துக்கொண்டு சுற்றிப்போகும்.

வாய்க்காலை அடைச்சா வீடு மூழ்கிடாதா? நிலச்சரிவு வராதா? 2009 ஞாபகம் இருக்கில்ல?

இது நியாயமான பயம். 2009 நவம்பரில் பெய்த மழையில் இந்த மாவட்டத்தில் 40 பேருக்கு மேல் இறந்தார்கள். 2019 ஆகஸ்ட்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் கொட்டியது. அதனால் இதை அழுத்தியே சொல்கிறேன்: இந்தப் பக்கத்தில் சொல்லும் வேலைகள் எல்லாம் பள்ளத்தின் அடியில், தட்டையான தரைக்கு மட்டும். சரிவில் உள்ள வடிகாலை ஒருபோதும் அடைக்காதீர்கள். ஆழமான செம்மண் சரிவுக்குள் நீர் இறங்கித் தங்கினால் மண் கனத்து நழுவும். வீட்டுக்கும் சாலைக்கும் மேலே உள்ள வாய்க்காலைச் சுத்தமாகத் திறந்துதான் வைக்கவேண்டும். அதில் குப்பை கொட்டுவது உயிரோடு விளையாடுவது.

சமதளத்திலும் வீட்டு அஸ்திவாரம், கிணறு, கழிவறைக் குழி அருகே நீர்மட்டம் உயரக் கூடாது. கழிவறைக் குழியும் சதுப்பும் ஒன்று சேர்ந்தால் கீழே உள்ளவர்கள் குடிக்கும் ஊற்று கெட்டுவிடும். சந்தேகமான இடத்தில் அடைப்பைத் தள்ளிப் போடுங்கள். சதுப்பு சிறிதாக இருந்தாலும் குற்றமில்லை.

எங்க பள்ளத்துல ஆறடி உயரத்துக்கு மண்ணைக் கொட்டிட்டாங்க. எல்லாத்தையும் அள்ளணுமா?

எல்லாவற்றையும் அள்ளும் செலவு யாருக்கும் கட்டுப்படியாகாது. முதலில் சோதனைக் குழி எடுத்துக் கறுத்த மண் எந்த ஆழத்தில் இருக்கிறது என்று நாலைந்து இடங்களில் பாருங்கள். ஓடையை ஒட்டிய பட்டையில் மட்டும் அந்தக் கறுத்த மண் தெரியும்வரை எடுத்தால் போதும். மழை வெள்ளம் வந்தால் பரவிப் படுக்க அங்கே இடம் கிடைக்கும். பின்னால் இருக்கும் மேட்டை இறக்கமாகச் சரித்துப் புல் பதித்துவிடலாம். செங்குத்தாக விட்டால் அடுத்த மழையில் அது மறுபடி ஓடைக்கே வரும்.

கறுத்த மண்ணைத் தொட்டதும் நிறுத்திவிட வேண்டும். பொக்லைன் ஓட்டுபவர் ஒழுங்காகச் சமப்படுத்தித் தருகிறேன் என்று அதையும் வாரிவிடுவார். பக்கத்திலேயே நின்று பாருங்கள். எடுத்த மண்ணை அடுத்த பள்ளத்தில் கொட்டுவதற்குச் சம்மதிக்காதீர்கள். ஒருவர் நிலத்தை மீட்டு இன்னொருவர் நிலத்தைக் கெடுப்பதில் யாருக்கும் லாபமில்லை.

வெளிநாட்டுல நிலக்கரி தோண்டின ஓடைக்கரையையே திருப்பிச் சரி பண்ணியிருக்காங்களாமே? அந்த முறையை இங்க செய்யலாமா?

அமெரிக்காவில் 1977இல் திறந்தவெளி நிலக்கரிச் சுரங்கங்களுக்கென்று ஒரு சட்டம் வந்தது. தோண்டும்முன் மேல்மண்ணைத் தனியே எடுத்துக் காப்பாற்ற வேண்டும், முடிந்தபின் நிலத்தை ஏறக்குறைய பழைய மேடுபள்ளத்துக்கே கொண்டுவர வேண்டும், அதற்கான பணத்தைப் பிணையாக முன்பே கட்டிவிட வேண்டும் என்று அது சொல்கிறது. மழை குறைந்த மேற்குப் பகுதிகளில் ஆற்றோர வண்டல் சமவெளியைத் தோண்டுவதற்குக் கூடுதல் கட்டுப்பாடுகள் உண்டு. அங்கே நிலத்தடி நீரின் ஓட்டம் கெடக் கூடாது. நிலக்கரியோடு இருக்கும் கந்தகக் கனிமம் காற்றும் நீரும் பட்டு அமிலமாகி ஓடையில் இறங்கும் என்பது அவர்களின் பெரிய தலைவலி. அதற்குச் சுண்ணாம்புக்கல் பரப்பிய கால்வாய்கள், செயற்கைச் சதுப்புகள் எல்லாம் அமைக்கிறார்கள்.

நம் மலையில் நிலக்கரி இல்லை, அந்த அமிலமும் இல்லை. ஆகவே சுண்ணாம்பு கொட்டும் வேலை இங்கே தேவையில்லை. சதுப்பு மண் இயல்பாகவே புளிப்பானது, அதன் செடிகள் அதற்குப் பழகியவை. எடுத்துக்கொள்ள வேண்டியவை இரண்டு. ஒன்று, மேல்மண்ணையும் அடிமண்ணையும் கலக்காமல் தனித்தனியே வைப்பது. இரண்டு, தரையின் வடிவத்தையும் நீரின் வழியையும் சரிசெய்த பிறகே பச்சையைப் பற்றி யோசிப்பது. பிணைப்பணம் கட்டும் ஏற்பாடு நம் கட்டட வேலைகளுக்கும் இருந்தால் எத்தனையோ பள்ளங்கள் தப்பியிருக்கும்.

வாய்க்கால்ல ஆரஞ்சுக் கலர்ல வழவழன்னு வருது, மேல எண்ணெய் மாதிரி மின்னுது. விஷமா அண்ணா?

பெரும்பாலும் இல்லை. நம் மண்ணில் இரும்பு அதிகம். நீரில் ஊறிய மண்ணுக்குள் அது கரைந்து, வெளியே வந்து காற்றுப் படும்போது துருவாகப் படிகிறது. அதைத் தின்று வாழும் நுண்ணுயிர்கள்தான் அந்த ஆரஞ்சு வழவழப்பு. சோதனைக் குழியில் பார்த்த துருக்கோடுகளும் இதே இரும்புதான்.

மின்னும் படலத்தை ஒரு குச்சியால் கலைத்துப் பாருங்கள். கண்ணாடிச் சில்லுபோல உடைந்து துண்டு துண்டாக நின்றால் இரும்புப் படலம். கலைத்ததும் மறுபடி ஓடிவந்து ஒட்டிக்கொண்டால் டீசலோ எண்ணெயோ கலந்திருக்கிறது. மேலே பம்புசெட் எங்கே இருக்கிறது என்று போய்ப் பாருங்கள்.

சதுப்புல சோலை மரம் நட்டா சீக்கிரம் காடாயிடுமில்ல?

ஆகாது, ஆகவும் வேண்டாம். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை குளிர்ந்த காற்று பள்ளத்தில்தான் இறங்கித் தங்கும். காலையில் வெள்ளையாக உறைபனி படர்வது அங்கேதான். திறந்தவெளியில் நட்ட சோலைக் கன்றுகள் அந்த உறைபனியில் கருகிவிடும். மேல்மலையில் பள்ளத்து அடி புல்லும் சதுப்புமாக இருப்பதற்கு உறைபனி ஒரு காரணம். அங்கே இருக்கவேண்டியவை கோரைகள், சதுப்புப் புல், காசித்தும்பை வகைகள், பூச்சியைப் பிடித்துத் தின்னும் ட்ரோசெரா போன்ற சின்னச் செடிகள். மரம் வேண்டுமென்றால் சதுப்பின் விளிம்புக்கு மேலே, வடியும் மண்ணில், ஏற்கெனவே புதர் நிழல் உள்ள இடத்தில் நடுங்கள்.

சுத்தி முழுக்க சீகையும் கற்பூர மரமும். அதை வெட்டாம எதுவும் நடக்காதா?

நடக்கும், ஆனால் மெதுவாக. கிளன்மார்கனில் ஊட்டி மண்-நீர் பாதுகாப்பு ஆராய்ச்சி மையம் பல ஆண்டுகள் அளந்து பார்த்திருக்கிறது. புல்வெளியில் கற்பூர மரம் வைத்த நீர்வடிப்பகுதியில் இருந்து வந்த நீர், முதல் சுற்று வளர்ச்சியில் சுமார் 16 சதவீதமும், வெட்டித் துளிர்த்த இரண்டாம் சுற்றில் சுமார் 25 சதவீதமும் குறைந்தது. துளிர்த்த மரம் முதல் மரத்தைவிட அதிகமாகக் குடிக்கிறது. எனவே வெட்டிவிட்டு அப்படியே விட்டால் நிலைமை மோசமாகும். அடிக்கட்டையில் வரும் துளிரை விடாமல் ஒடிக்க ஆள் இருந்தால்தான் கைவைக்க வேண்டும்.

ஓடைக்கரையில் நிற்கும் மரங்களை ஒரே நேரத்தில் வேரோடு பிடுங்காதீர்கள், கரை சரியும். பட்டா நிலமாக இருந்தாலும் மரம் வெட்ட 1955ஆம் ஆண்டு மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி வாங்கவேண்டும். அந்நியச் செடிகளை அகற்றுவது பற்றித் தமிழக அரசு 2022இல் ஒரு கொள்கையே வெளியிட்டிருப்பதால் காரணம் சொல்லி விண்ணப்பிக்க இப்போது பிடிமானம் இருக்கிறது. வெள்ளையாகப் பூக்கும் ஆரம் லில்லியையும் விட்டுவைக்காதீர்கள். பார்க்க அழகு, ஆனால் சதுப்பு முழுவதையும் பிடித்துக்கொள்ளும். கிழங்கோடு தோண்டி வெளியே எடுக்கவேண்டும்.

மேல்மண் பத்தலைன்னா பக்கத்துத் தோட்டத்துல இருந்து கொண்டுவந்து போடலாமா?

உருளைக்கிழங்கு போட்ட நிலத்து மண்ணை எங்கும் கொண்டுபோகாதீர்கள். 1961இல் இந்த மாவட்டத்தில் கண்டுபிடிக்கப்பட்ட முட்டைக்கூட்டு நூற்புழு இன்னும் நம்மை விடவில்லை. அதன் கூடுகள் மண்ணில் பல வருடம் உயிரோடு கிடக்கும்; மம்முட்டியிலும் ஜேசிபி பற்களிலும் ஒட்டிக்கொண்டு அடுத்த தோட்டத்துக்குப் போகும். வேலை முடிந்ததும் கருவிகளைக் கழுவுங்கள், கழுவிய நீரை ஓடையில் விடாதீர்கள்.

புல் கரணையும் அப்படித்தான். நல்ல நிலையில் இருக்கும் சதுப்பைப் பெயர்த்து வேறிடத்தில் ஒட்டுவது திருட்டு. உங்கள் நிலத்திலேயே வாய்க்கால் ஓரம் மிஞ்சியிருக்கும் கோரையைப் பிரித்து நட்டாலே பெருகிவிடும். ஏப்ரல், மே கோடை மழையில் நட்டால் ஜூன் மழைக்குள் வேர் பிடிக்கும்.

வருஷக்கணக்கா உரமும் மருந்தும் அடிச்ச மண்ணு. தண்ணியை ஏத்தினா அதெல்லாம் ஓடைக்கு வராதா?

வரும். மண்ணில் இரும்போடு பிணைந்து கிடக்கும் மணிச்சத்து (பாஸ்பரஸ்), நீரில் மூழ்கியதும் விடுபட்டு வெளியே வரும். முதல் ஒன்றிரண்டு வருடம் பாசி பிடிப்பது இதனால்தான். அடைப்பதற்கு முந்தைய பருவத்தில் உரமே போடாமல் ஓட்ஸ் போன்ற தீவனப் புல்லை வளர்த்து, அறுத்து வெளியே எடுத்துவிட்டால் சத்து ஓரளவு குறையும். அந்த ஒன்றிரண்டு வருடம் கீழ்ப்பக்கத்து ஊற்று நீரைச் சோதிக்காமல் குடிக்கக் கூடாது. கேரட் கழுவும் இடத்து நீரையும் நேராகச் சதுப்பில் விடாதீர்கள். மண் படிய ஒரு தொட்டி, அதன்பின் ஒரு புல் பட்டை, அப்புறம்தான் ஓடை.

தண்ணி நின்னா கொசு வராதா? காட்டெருமை வராதா?

கொசு, நீர் தேங்கிய டப்பாவிலும் டயரிலும்தான் அதிகம் பெருகும். நீர் மெல்ல நகரும் சதுப்பில் தவளையும் தட்டானும் அதைப் பார்த்துக்கொள்ளும்.

காட்டெருமை இப்போதே கேரட் தோட்டத்துக்கு வருகிறது. சதுப்பில் புல் வந்தால் அங்கும் வரும். புதிதாகப் பதித்த கரணையை அது மிதித்துவிடாமல் முதல் வருடம் முள்கிளை வைத்துத் தடுங்கள். வீட்டை ஒட்டி உயரமான புதர் வளர விடாதீர்கள். விடியற்காலையில் எதிரே நிற்பது தெரியவேண்டும்.

ரெண்டு ஏக்கர்ல காய்கறி போட்டுப் பொழைக்கிறவன் இதையெல்லாம் செஞ்சா என்னத்தைச் சாப்பிடுவான்?

நிலம் முழுவதையும் விடச் சொல்லி நான் யாரையும் கேட்டதில்லை. ஜனவரி, பிப்ரவரியில் போடும் நீர்போகம்தான் பள்ளத்து நிலத்தின் பலம் என்பதும், அந்த நேரத்து விலைதான் வீட்டுக் கடனைத் தீர்க்கிறது என்பதும் தெரியும். ஆனால் மழைக்காலப் போகங்களான கார்போகத்திலும் கடைபோகத்திலும் ஓடையை ஒட்டிய கடைசிப் பாத்திகள் என்ன ஆகின்றன என்று உங்களுக்கே தெரியும். விதையும் கோழி எருவும் கூலியும் போட்டபின் அழுகிப்போகும் வரிசைகள் அவை. நஷ்டம் தரும் அந்தப் பட்டையை மட்டும் முதலில் விடுங்கள். மூன்று வருடக் கணக்கை நோட்டில் எழுதிப் பார்த்தால் எந்தப் பாத்தி உங்களுக்குச் சோறு போடுகிறது, எது பிடுங்குகிறது என்று தெரிந்துவிடும். அந்தப் பட்டையில் வரும் புல் மாட்டுக்கு ஆகும். மேல்பாத்திகளுக்கு மார்ச்சில் இறைக்க ஓடையில் நீர் இருக்கும்.

இழப்பு ஏதுமில்லை என்று சொல்லமாட்டேன். கீழே பவானிசாகர்வரை எத்தனையோ பேருக்குப் பயன்படும் வேலையை ஒரு சிறு விவசாயி தன் பாத்தியை விட்டுச் செய்கிறார். அதற்கு ஊரும் அரசும் ஈடு தரவேண்டும் என்பதே என் கருத்து. வேளாண் பொறியியல் துறையின் மண்வளப் பாதுகாப்புப் பணிகளில் தடுப்பு, புல் பட்டை போன்றவற்றுக்கு உதவி கிடைக்குமா என்று கேட்டுப் பாருங்கள்.

பட்டா நிலம்தானே, யாரைக் கேட்கணும்?

புல வரைபடத்தை எடுத்து ஓடை எங்கே போகிறது என்று பாருங்கள். பட்டாவுக்குள் இருப்பதாக நினைக்கும் கரை, பல இடங்களில் ஓடைப் புறம்போக்கு. அதில் கிராம நிர்வாக அலுவலருக்குத் தெரியாமல் கைவைக்காதீர்கள். ஜேசிபி, பொக்லைன் இறக்க நம் மாவட்டத்தில் நிர்வாகத்தின் அனுமதி கட்டாயம். மம்முட்டி வேலைக்கு அந்தச் சிக்கல் இல்லை. சதுப்புக்கும் கை வேலைதான் நல்லது, இயந்திரத்தின் எடை கறுத்த மண்ணை நசுக்கிவிடும். 2017ஆம் ஆண்டு ஈரநில விதிகள் காப்பாற்றும் என்று நம்பி உட்காராதீர்கள். ஆற்றுப் படுகையும் நெல்வயலும் அந்த விதிகளின் வரையறைக்குள் வராது, அறிவிக்கப்படாத சின்னச் சதுப்புகளுக்கு அதில் பெரிய பாதுகாப்பும் இல்லை.

நாங்க பந்தலூர் ஆளுங்க. எங்க வயலுக்கும் இதே முறைதானா?

நீர், மண், செடி என்ற வரிசை அதேதான். மற்றவை மாறும். உங்கள் பக்கம் உயரம் குறைவு, உறைபனித் தொல்லை இல்லை. எனவே ஓரத்தில் மரம் வளரும். தென்மேற்கு மழை பலமாக இருப்பதால் அடைப்புகள் இன்னும் அகலமாக இருக்கவேண்டும். பணியரும் செட்டிமாரும் தலைமுறைகளாக நெல் போட்ட வயல்களே சதுப்பின் வேலையைச் செய்துவந்தவை. அங்கே நெல்லைத் திரும்பக் கொண்டுவருவதும் மீட்புதான்.

தேவாலா, பந்தலூர் சுற்றில் 1880 வாக்கில் தங்கம் தேடித் தோண்டிய குகைகள் இன்னும் வாய் பிளந்து கிடக்கின்றன. அவற்றின் வாயிலில் குவிந்த மண்ணை வாய்க்கால் அடைக்க எடுக்காதீர்கள். தங்கத்தைப் பிரிக்கப் பாதரசம் பயன்படுத்தும் வழக்கம் உண்டு. மண்ணைச் சோதிக்காமல் அதைத் தொடக் கூடாது. குகைக்குள் போகவே வேண்டாம்.

எத்தனை வருஷத்துல பழையபடி ஆகும்?

நீர்மட்டம் முதல் மழையிலேயே ஏறும். அதைக் கண்ணால் பார்க்க நாலடி பிவிசி பைப்பில் ஓட்டை போட்டு, துணி சுற்றிச் சதுப்பில் இறக்கிவைத்து, வாரம் ஒருமுறை குச்சி விட்டு அளந்து எழுதுங்கள். வேலைக்கு முன் சோதனைக் குழியில் குறித்த அளவோடு ஒப்பிடலாம். கோரையும் புல்லும் மூட இரண்டு மூன்று வருடம் ஆகும்.

கறுத்த மண் அப்படி வராது. மேல்மலைப் பள்ளங்களில் உள்ள மக்காத கரிமண்ணின் அடியடுக்குகள் 20,000 ஆண்டுகளுக்கும் பழையவை. ஓர் அடி சேரப் பல நூறு ஆண்டு ஆகும். வடித்துவிட்டால் காற்றுப் பட்டு அது மக்கிக் கரைந்து, தரையே கீழே இறங்கும். முற்றிலும் காய்ந்துவிட்டால் பிறகு நீரை ஊற்றினாலும் எளிதில் ஏற்காது. அதனால்தான் கெட்டுப்போன ஒன்றை மீட்கக் கிளம்பும்முன், ஊரில் இன்னும் கெடாமல் இருக்கும் சதுப்பில் புது வாய்க்கால் விழாமல் பாருங்கள் என்று சொல்கிறேன்.

மேல்பக்கத்துக்காரர் ஒத்துவரமாட்டேங்கறார். அவர் மண்ணும் வருது, தண்ணியும் வருது. நான் மட்டும் என்ன பண்றது?

மண்ணுக்கு முதலில் வழி செய்யுங்கள். உங்கள் மேல் எல்லையில் ஆழமில்லாத அகலமான ஒரு குழி, அதன் கீழ்ப்பக்கம் நெருக்கமாக ஒரு புல் பட்டை. வண்டல் அதில் படியும். ஒவ்வொரு பிப்ரவரியிலும் வாரி, அதை அவருடைய பாத்திக்கே திருப்பிக் கொடுத்தால் வாங்கிக்கொள்வார். அது அவர் காசு போட்டு வளமாக்கிய மண். ஆனால் நூற்புழுவைப் பற்றி மேலே சொன்னதை மறக்காதீர்கள், வேறு யாருக்கும் கொடுக்கக் கூடாது.

தண்ணீர் விஷயத்தில் அவர் பயப்படுவது உங்கள் அடைப்பால் தன் தோட்டம் ஊறிவிடும் என்றுதான். அந்தப் பயத்துக்கு வாயால் பதில் சொல்ல முடியாது. கொத்தனார் மட்டம் பார்க்க வைத்திருக்கும் டியூப் லெவலை (நீர் நிரப்பிய குழாயை) வாங்கிக்கொண்டு அவரையும் கூப்பிடுங்கள். ஒரு முனையை அவருடைய தாழ்ந்த பாத்தியில் அவரே பிடிக்கட்டும். உங்கள் முதல் அடைப்பின் இரு பக்கமும் நீர் பரவிப் போகும் தரை, அவருடைய பாத்தியின் தரையைவிடக் குறைந்தது ஒன்றரை அடியாவது தாழ்ந்திருக்கும் இடம் வரும்வரை கீழே இறங்கிவந்து, அங்கே முளை அடியுங்கள். அதற்கு மேலே உள்ள வாய்க்காலைத் தொடாமல் விட்டுவிடுங்கள்.